மூடுபனிக்கு இரண்டு மதிப்பெண்

ஹெர்பர்ட் மாஸ்டர் இருபத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளைப் பயமுறுத்திச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அடித்து அல்ல. ஃபிஜித் தீவில், நடபுவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் எடுப்பவர் அவர். விக்டோரியா மகாராணி காலத்துப் பேய்க்கதைகள்தான் அவருடைய உயிர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், கரும்பு லாரிகள் ஆலைக்கு வரிசைகட்டிப் போகும். உள்ளே நாற்பது பிள்ளைகள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

வருடத்தின் முதல் நாள் பூட்டிய தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பாடம் நடக்கும். நடுவில் ஒரே ஒரு முறை பேச்சை நிறுத்தி, பெட்டியைத் திரும்பிப் பார்த்து, ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்வார். இரண்டாம் வாரம் முன்வரிசை காலியாகிவிடும். கடைசி பெஞ்சில் ஒன்பது பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் மாதம் ஒரு தகப்பனார் பூசாரியோடும் இன்னொரு தகப்பனார் பாதிரியாரோடும் தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிடுவார்கள். கடைசி நாளில் மாஸ்டர் பெட்டியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்ப்பார். ஒரு குண்டூசிகூட விழாது.

“நான் இதில் எதையும் வைக்கவில்லை. ஆளுக்கு ஒன்றாக நீங்கள் வைத்தீர்கள்” என்பார். “அந்தக் காலத்துக் கதைக்காரனின் சூட்சுமம் இதுதான். அவன் பேயைக் காட்ட மாட்டான். கதவை மட்டும் காட்டுவான். பேய் உன் வீட்டிலிருந்து வரும்.”

எண்பத்தேழாம் வருடம் இந்தப் பாடம் நாட்டுக்கே நடத்தப்பட்டது. மே மாதம் இந்தியர்களுக்கு எதிராக ராணுவம் நடத்திய ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு. அது சரியாகக் கவிழவில்லை என்று செப்டம்பரில் இன்னொன்று. வானொலி செய்தியைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டுப் போட ஆரம்பித்தால், எந்த வீட்டிலும் யாரும் பாட்டைக் கேட்க மாட்டார்கள். எதற்காக நிறுத்தினான் என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு வாத்தியார் காணாமல் போனார். பத்து நாள் கழித்து ஆக்லாந்து முத்திரை போட்ட தபாலட்டை வரும். போனவர்களின் பாடமெல்லாம் ஹெர்பர்ட் தலையில் விழுந்தது. அக்டோபரில் அவர் இலக்கியத்தோடு இயற்பியல், தச்சுவேலை, பெண்களுக்கான வலைப்பந்து ஆகியவற்றையும் கற்பித்துக்கொண்டிருந்தார். தச்சுவேலையில் அவர் வகுப்பு செய்த நாற்காலியில் உட்கார்வதற்கே ஒரு மர்மக்கதை வாசிக்கும் துணிச்சல் வேண்டியிருந்தது.

அதுவரை பொறுத்துக்கொண்டார். ஆனால் அதே மாதம் அவர் வீட்டு ஜன்னலில் இரண்டு முறை கல் விழுந்தது. இரண்டாவது கல் அவர் மனைவி வேராவின் தையல் இயந்திரத்தில் பட்டுத் தெறித்தது. வேரா அந்தக் கல்லை எடுத்து அலசி, அப்பளம் காயும் துணிமேல் பாரமாக வைத்துவிட்டு, “இனிமே இங்க இருக்க என்னால முடியாதுங்க” என்றாள். அவள் அழவில்லை. அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் அவருக்கு வேலை தரச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவர் ஆங்கிலத் தேர்வில் தேறியவர்தான் என்று தேர்வு வாரியத்தின் முத்திரை போட்ட சான்றுக் கடிதம் டிசம்பர் பதினொன்றாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அந்த வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் மூன்றாவது கல்.

ஆக, மாஸ்டர் லாமிக்குப் பஸ் ஏறினார்.

தென்கடல் தேர்வு மற்றும் சரிபார்ப்பு வாரியம் லாமியில், கடலைப் பார்த்த ஒரு பழைய மரமாளிகையில் இருந்தது. கதவு திறந்த கிரீச்சில் மாஸ்டருக்கே மெய்சிலிர்த்தது. இருபத்தொன்பது வருடமாக வாயால் செய்துகாட்டிய சத்தம். நேரில் கேட்பது அதுதான் முதல்முறை.

வாரியத்தில் மொத்தம் எட்டு அலுவலர்கள். எட்டுப் பேரும் ‘பொறுப்பு’. பழையவர்கள் எல்லாம் விமானம் ஏறிவிட்டதால் பொறுப்புத் தலைவர், பொறுப்புச் செயலாளர், பொறுப்புக் கண்காணிப்பாளர் என்று வரிசையாகப் பலகை தொங்கியது. வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த காவல்காரர் அப்பலசாமி ஒருவர்தான் நிரந்தரம்.

“உள்ள போவாதீங்க மாஸ்டர், லெட்டர் படிக்கிறாங்க” என்றார் அப்பலசாமி. “நடுவுல போனா கதவ சாத்திருவாங்க. முடியுற வரைக்கும் ஒண்ணுக்குக்கூட விடமாட்டாங்க.”

அது வாரியத்தின் வழக்கம். ஆதியில் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் மீன் பிடிக்கப் போய் மூக்குக்கண்ணாடியைக் கடலில் விட்டுவிட்டார். லண்டனிலிருந்து புதுக்கண்ணாடி வர எட்டு மாதம் ஆகும். அதுவரை வந்த கடிதங்களை உரக்க வாசித்துக் காட்டுங்கள் என்றார். கண்ணாடி வந்தது. அவர் போனார். வெள்ளைக்கார ஆட்சியே போனது. வாசிப்பு மட்டும் போகவில்லை. அது விதி எண் ஒன்றாகிவிட்டது: வரும் கடிதம் ஒவ்வொன்றும் எல்லா அலுவலர் முன்னிலையிலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசிக்கப்பட வேண்டும், முடியும்வரை எவரும் இருக்கையை விட்டு எழக் கூடாது.

மாஸ்டர் ஜன்னல் வழியே பார்த்தார். கடிதம் வாசிப்பவள் பொறுப்பு எழுத்தர் பிரமிளா. வட்டுகோலாவில் சுரங்கத் தொழிலாளி மகள். சித்தி வீட்டில் தங்கி நடபுவாவில் அவரிடமே படித்தவள். கடைசி பெஞ்ச் ஒன்பது பேரில் ஒருத்தி. தலைவர் நாற்காலிக்குப் பின்னால் பச்சை வண்ண இரும்பு அலமாரி ஒன்று நின்றது. எட்டு இழுப்பறை, எட்டுப் பூட்டு.

வாசிப்பு முடிந்ததும் பொறுப்புத் தலைவர் ராஜேந்திரா எழுந்து தினசரிச் சொற்பொழிவைத் தொடங்கினார்.

“நண்பர்களே! கப்பல் ஆடுகிறது என்பதற்காகக் குதிப்பவன் மாலுமி ஆக மாட்டான். எத்தனையோ பேர் ஓடுகிறார்கள். நான் ஓட மாட்டேன். இந்த மண்ணில் பிறந்தேன், இந்த மண்ணில் பணியாற்றுவேன், குறைந்தபட்சம் மார்ச் மாதம் வரை. அதாவது, மார்ச் மாதத் தேர்வுகள் வரை, அதற்குப் பின்னும்! சுற்றறிக்கை நாற்பத்தொன்றை மீண்டும் நினைவூட்டுகிறேன். இவ்வாரியத்தில் எவரேனும் வெளிநாட்டுக் குடியேற்ற விண்ணப்பம் வைத்திருப்பது தெரிந்தால், அன்றே, அந்த நிமிடமே, பணிநீக்கம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது மாஸ்டர் ஒன்றைக் கவனித்தார். கைதட்டி முடித்த கைகள் எல்லாம் தத்தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன. பிரமிளாவின் கையும்தான். ஏனென்று அவருக்குப் புரியவில்லை. பேய்க்கதை வாத்தியாருக்குப் புரியாத விஷயம் என்றால் சேமித்து வைக்க வேண்டிய விஷயம். சேமித்து வைத்தார்.

அவருடைய முறை வந்தது. மாஸ்டர் தேறிய ஐம்பத்து நான்காம் ஆண்டின் பதிவேடு மாடியில் ஓர் அறையில் இருக்கிறது, அறை பூட்டியிருக்கிறது, சாவி பழைய செயலாளரோடு வான்கூவருக்குப் போய்விட்டது என்றார் ராஜேந்திரா.

“பூட்டை உடைக்கலாமே ஐயா?”

“உடைக்கலாம். அதற்கான அனுமதிப் படிவம் அந்த அறைக்குள்தான் இருக்கிறது” என்றார் ராஜேந்திரா, ஒரு நல்ல நிர்வாகத்தைப் பார்த்த பெருமையோடு. “ஆனால் வாரியம் இரக்கமற்றது அல்ல. விதி பதினேழு: தேறியதை நிரூபிக்க முடியாதவர் மறுபடியும் தேறலாம். ஒரே கேள்வி. பத்து மதிப்பெண். ஐந்து வாங்கினால் போதும்.”

கேள்வித்தாளைப் பார்த்ததும் மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ‘விக்டோரியா காலத்துக் கோதிக் சிறுகதைகள் பதற்றம், மர்மம், எதிர்பார்ப்பு ஆகியவற்றை எவ்வாறு உருவாக்குகின்றன?’ மீனைக் கூப்பிட்டு நீந்தத் தெரியுமா என்று கேட்ட கதை.

எட்டுப் பக்கம் எழுதினார். பதினான்கு படி ஏற ஒருவன் ஏன் ஒரு முழுப் பக்கம் எடுத்துக்கொள்கிறான் என்று எழுதினார். நேரத்தை இழுக்க இழுக்கத்தான் பதற்றம் முறுக்கேறும். தனக்குப் பைத்தியமில்லை என்று கதை சொல்பவன் முதல் வரியிலேயே சத்தியம் செய்தால் நமக்கு ஏன் அவன்மேல் சந்தேகம் வருகிறது என்று எழுதினார். ஒரு வேலைக்காரி காரணம் சொல்லாமல், பூட்டிய அறை ஒன்றைத் திறந்து பெருக்க மறுத்தால் போதும், கதைக்கு மர்மம் வந்துவிடும் என்றார். திறக்கக் கூடாத கதவு என்று நமக்குத் தெரியும், அவன் திறப்பான் என்றும் தெரியும், எப்போது என்பது மட்டும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. பத்துக்கு மூன்று.

மறுபடி பஸ். ராஜேந்திரா திருத்தல் அட்டையை எடுத்துக் காட்டினார். எழுபது வருடத்துக்கு முன் லண்டனில் அச்சானது. மூடுபனி: இரண்டு. மெழுகுவர்த்தி: இரண்டு. கிரீச்சிடும் கதவு: இரண்டு. பூட்டிய அறை: இரண்டு. கறுப்பு உடை அந்நியர்: ஒன்று. குதிரைக் குளம்பொலி: ஒன்று.

“பூட்டிய அறை எழுதியிருக்கிறீர்கள். முழுசாக இரண்டு கொடுத்திருக்கிறோம். கதவு வருகிறது, ஆனால் கிரீச்சிடவில்லை. பாதிதான் கொடுக்க முடியும், ஒன்று. எட்டுப் பக்கத்தில் ஓரிடத்திலாவது பனி உண்டா?”

“ஃபிஜியில மூடுபனி கிடையாதுங்களே ஐயா.”

“நாட்டில் இல்லாவிட்டால் என்ன? பாடத்திட்டத்தில் இருக்கிறது.”

மாஸ்டர் அட்டையைப் பார்த்தார், ராஜேந்திராவைப் பார்த்தார்.

“வாரியத்தின் முடிவை வாசிக்கிறேன்” என்று ராஜேந்திரா தொண்டையைச் செருமினார். “விண்ணப்பதாரருக்குப் பதற்றம் உண்டாக்கத் தெரியவில்லை.”

மூன்று மதிப்பெண்ணைக்கூட மாஸ்டர் மன்னித்திருப்பார். இந்த வரியை மன்னிக்க முடியாது. இருபத்தொன்பது வருடத்தில் அவரால் படுக்கையை நனைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை லாமியின் ஜனத்தொகைக்குக் குறையாது. அவர்கள் எல்லோர் சார்பிலும் அவருக்குக் கோபம் வந்தது.

“மேல்முறையீடு உண்டா?” என்று கேட்டார், மிக மெதுவாக.

“தாராளமாக. டிசம்பர் ஒன்பதாம் தேதி விசாரணை. அதுவரை ஆதாரங்களை எத்தனை கடிதமாக வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒன்றுவிடாமல் காலையில் வாசிப்போம். அது எங்கள் பெருமை.”

அந்தக் கட்டடத்துக்குள் மாஸ்டர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வேரா தட்டில் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தாள். “என்னா சொன்னாங்க?”

“எனக்கு பயமுறுத்தத் தெரியலையாம்.”

“அட பாவிங்களா.” வேரா கரண்டியைக் கீழே வைத்தாள். “கலியாணமான புதுசுல அந்த தகரப் பெட்டிய கட்டிலுக்கு அடியில வெச்சிட்டு ஸ்கூலுக்குப் போனீங்களே. மூணு நாள் எங்கம்மா வீட்லதானே படுத்தேன்?”

“அதத்தான் செய்யப்போறேன்.”

“எங்க வெப்பீங்க பெட்டிய?”

“வெக்க வேணாம் வேரா. அவங்களே ஒண்ணு வெச்சிருக்காங்க. பச்சை கலரு. உள்ள என்னா இருக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாமலா மிரட்டப்போறீங்க?”

“தெரிஞ்சா கெட்டுப்போயிரும்.”

முதல் கடிதம் திங்கட்கிழமை போனது. வெகு மரியாதையான கடிதம். ‘பதற்றம் உண்டாக்கும் முறைக்கு ஆதாரமாக, தங்கள் மாண்புமிகு அலுவலகத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அங்கே ஒரு கதவு உண்டு, கூடம் உண்டு, எட்டு நாற்காலிகள் உண்டு. தலைவருக்குப் பின்னால் உள்ள பச்சை அலமாரியைப் பற்றி இக்கடிதத்தில் நான் எதுவும் சொல்வதற்கில்லை.’

அவ்வளவுதான் கடிதம். பிரமிளா அதை வாசித்து முடித்ததும் எல்லாத் தலைகளும் அலமாரிப் பக்கம் திரும்பினவாம். பிறகு பொறுப்புச் செயலாளர் எழுந்து, அலமாரியை ஏன் குறிப்பிட்டார் என்று கேட்டாராம். குறிப்பிடவில்லை, குறிப்பிடப் போவதில்லை என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார் என்று ராஜேந்திரா விளக்கினாராம். அன்றைக்குச் சொற்பொழிவு இல்லை.

இரண்டாவது கடிதத்தில் மாஸ்டர் பதினான்கு படிக்கட்டு வித்தையைக் கையாண்டார். அலமாரியின் கால்கள் நான்கு என்று ஒரு பத்தி. பச்சைச் சாயம் எங்கே உரிந்திருக்கிறது என்று ஒரு பத்தி. முதல் இழுப்பறையின் கைப்பிடி, இரண்டாவது இழுப்பறையின் கைப்பிடி என்று ஆறு பக்கம் நகர்ந்தது. எழுந்துபோகவும் வழியில்லை, விதி எண் ஒன்று. ஏழாம் பக்கத்தின் கடைசி வரி இது: ‘சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவர் அறியாதது என்னவென்றால், அவருடைய இழுப்பறையில் இருப்பது’. அதோடு தாள் முடிந்தது. முற்றுப்புள்ளி இல்லை.

அன்று சாயங்காலமே வாரியம் அலமாரிக்குப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. குழு கூடி, அலமாரியைச் சுவரோடு ஒட்டித் திருப்பி வைக்கத் தீர்மானித்தது. திருப்பி வைத்த பிறகு எல்லோருக்கும் இன்னும் பயமாகிவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அலமாரி என்ன செய்கிறது என்று தெரியவில்லையே. மறுநாள் காலை பழையபடி திருப்பி வைத்தார்கள். ஆனால் யாரும் அதனோடு தனியாக இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. இரண்டு பேராக இருக்கலாமா என்று பொறுப்புக் கண்காணிப்பாளர் எழுத்தில் கேட்டார். இரண்டு பேர் என்றால் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டுமே என்று ராஜேந்திரா எழுத்தில் பதில் கொடுத்தார். கடைசியில் எட்டுப் பேரும் சேர்ந்தே கூடத்துக்கு வந்து, சேர்ந்தே போனார்கள்.

மூன்றாவது கடித உறையில் வெறும் வெள்ளைத்தாள்.

விதிப்படி பிரமிளா அதையும் வாசிக்க வேண்டும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. எழுத்தே இல்லாத தாளில் கடைசி எழுத்து எது என்று தெரியாததால், தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதினோரு மணிவரை நின்றாள். ஏழு பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்புச் செயலாளர் மயங்கி விழுந்தார். ஆனால் நாற்காலியிலேயே விழுந்தார், விதி மீறப்படவில்லை.

அன்று மத்தியானம் மாஸ்டர் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“மாஸ்டர், பிரமிளா பேசுறேன். என்னோடத மட்டும் சொல்லிராதீங்க மாஸ்டர். கை கூப்பிக் கேட்டுக்குறேன்.”

“எதம்மா?”

“என் டிராயருல இருக்கிறத. கனடா ஃபாரம். வீட்ல வெச்சா எங்கப்பா கிழிச்சிருவாரு, அதான் ஆஃபீஸ்ல வெச்சேன். ராஜேந்திரா சாருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வேலை போயிரும் மாஸ்டர். என் ஒருத்தி சம்பளத்துலதான் வீடு ஓடுது.”

மாஸ்டர் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் கவிழ்த்த பெட்டியிலிருந்து ஒன்று உண்மையிலேயே விழுந்தது இதுதான் முதல் தடவை. அவர் மிரட்ட நினைத்தது பச்சை அலமாரியை. அகப்பட்டவள் கடைசி பெஞ்ச் பிள்ளை.

“பிரமிளா, மத்தவங்க டிராயர்ல என்னா இருக்கு?”

“தெரியாது மாஸ்டர். எல்லாரும் பூட்டி சாவிய சட்டைப் பையிலதான் வெச்சிருக்காங்க. நான் ஒருத்திதான் இப்படி திருட்டு வேலை…” அவள் நிறுத்தினாள். வட்டுகோலாக்காரி, மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று யோசிக்கத் தெரிந்த குடும்பம். “ஐயோ மாஸ்டர். மத்தவங்களுமா?”

“அச்சா. நீ ஒண்ணு செய். நாளைக்கே உன்னோடத ரொட்டித் துணியில சுத்தி எடுத்திரு. அங்க ரொட்டி டப்பாவ வெச்சுப் பூட்டு. ஒன்பதாம் தேதி நான் வர்றேன். நீ மட்டும் பயப்படாம உக்காந்திரு.”

அன்றிலிருந்து அவர் கடிதங்களில் ஏழு இழுப்பறைகளைப் பற்றி மட்டுமே பேசினார்.

டிசம்பர் ஒன்பது, புதன்கிழமை. மாஸ்டர் சவ அடக்கத்துக்கு மட்டும் போடும் கறுப்பு கோட்டைப் போட்டுக்கொண்டார். வேரா ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் பையில் வைத்துக் கொடுத்தாள். சிங்கடோக்காவுக்கு அருகில் சாலைத்தடையில் ஒரு சிப்பாய் பஸ்ஸில் ஏறிப் பையைத் திறந்தான்.

“மெழுகுவர்த்தி எதற்கு?”

“ஓர் ஆஃபீசில் ஒரு பச்சை அலமாரி இருக்கிறது” என்றார் மாஸ்டர். அதற்குமேல் சொல்லவில்லை.

சிப்பாய் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, துப்பாக்கியோடு ஜன்னலுக்கு வந்தான். “அதற்குள் என்ன?” பஸ் நகர்ந்தது. அவன் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்தான். “பெரியவரே, உள்ளே என்ன?” மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். தொழில் இன்னும் கையில்தான் இருக்கிறது.

லாமியில் இறங்கியதும் அப்பலசாமியிடம் ஒரு கட்டு யங்கோனா வேரை நீட்டினார். சாயங்காலம் கரைத்துக் குடித்து லேசாகக் கிறங்கட்டும் என்று. “அப்பலசாமி அண்ணே, கூடத்துல கொசு ஜாஸ்தி. ஜன்னலுக்குக் கீழ ஈரத் தேங்காய்மட்டை போட்டு கொளுத்துறீங்களா?”

“எம்புட்டு மாஸ்டர்?”

“இங்கிலாந்து அளவுக்கு.”

பத்து மணிக்குக் கதவு கிரீச்சிட்டது. கறுப்பு உடை அந்நியர் கூடத்துக்குள் வந்தார். ஏழு முகங்களும் மரவள்ளி மாவு போல வெளுத்திருந்தன. பிரமிளா மட்டும் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் பேசாமல் மேசைமேல் மெழுகுவர்த்தியை நட்டு, பட்டப்பகலில் ஏற்றினார். ஜன்னல் வழியே வெள்ளைப் புகை சோம்பேறித்தனமாகத் தவழ்ந்து வந்து நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டது. பின்னால் மங்கலாக, பச்சையாக, அலமாரி.

ராஜேந்திரா எழுந்தார். பயந்தவன் சத்தமாகப் பேசுவான்.

“ஹெர்பர்ட் அவர்களே! நீங்கள் இந்த நாட்டைவிட்டுப் போக நினைப்பவர். போக நினைக்காத எங்களைப் பார்த்து… நான் போக மாட்டேன்! எனக்கு எந்த எண்ணமும் இல்லை! எனக்கு மெல்போர்னில் மைத்துனர் யாரும் கிடையாது!”

மெல்போர்ன் என்று யாரும் கேட்கவில்லை.

“உட்காருங்கள் ஐயா” என்றார் மாஸ்டர். “இரண்டாவது கடிதத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. ‘அவருடைய இழுப்பறையில் இருப்பது’ என்று. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.”

மூச்சு எடுத்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். இன்னொரு பக்கமும் துடைத்தார். மாட்டினார். வாயைத் திறந்தார்.

“வேண்டாம்!” என்று ஏழு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

அலறிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் ஒருவனுக்குத்தான் பயம் என்று இத்தனை வாரம் நினைத்திருந்த ஏழு பேரும், மற்ற ஆறு பேர் ஏன் அலறினார்கள் என்று யோசித்தார்கள். செயலாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் ராஜேந்திராவின் சட்டைப் பையைப் பார்த்தார். சுற்றறிக்கை நாற்பத்தொன்று சுவரில் புகை குடித்துக்கொண்டு தொங்கியது. அதில் ராஜேந்திராவின் கையெழுத்து வெகு அழகு.

“மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்வோம்” என்றார் ராஜேந்திரா. அட்டையை எடுத்தார். “மூடுபனி. இருக்கிறது. இரண்டு. மெழுகுவர்த்தி, இரண்டு. கதவு இன்று நன்றாகவே கிரீச்சிட்டது, இரண்டு. பூட்டிய அறை ஏற்கெனவே இரண்டு. கறுப்பு உடை அந்நியர், ஒன்று. மொத்தம் ஒன்பது.”

“குதிரை இல்லைங்க ஐயா. அதை விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.”

“குளம்பொலி எனக்குக் கேட்டது” என்றார் ராஜேந்திரா. “ராத்திரி முழுக்கக் கேட்கிறது. எழுதிக்கொள்ளுங்கள் பிரமிளா. பத்து.”

பிரமிளா சான்றுக் கடிதத்தை எழுத்துப் பிழையின்றித் தட்டினாள். டூவூம்பா பள்ளியின் முகவரியைத் தலைப்பில் போட்டாள். ராஜேந்திரா அதை வாசித்துக் கையெழுத்துப் போடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முகவரியை உதட்டால் முணுமுணுப்பது போலிருந்தது. மாஸ்டர் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. அவசரத் தபாலில் கடிதம் போய், பதினொன்றாம் தேதி மாலை நாலரைக்கு டூவூம்பாவைத் தொட்டது.

அலமாரியை அவர் கடைசிவரை திறக்கவே இல்லை.

டூவூம்பாவில் ஜூலை மாதம். ஹெர்பர்ட் மாஸ்டரும் வேராவும் முதல் குளிர்காலத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமாளித்தார்கள். ஒரு நாள் காலை வேரா ஜன்னல் திரையை விலக்கி, “என்னாங்க, வெளியில ஊரையே காணோம்” என்றாள். மலையடிவாரத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி தெருவை முழுசாக விழுங்கியிருந்தது. மாஸ்டர் பனியனோடு வெளியே ஓடி நின்றார்.

“ரெண்டு மார்க்கு!” என்று கத்தினார். “வேரா, சும்மா கெடக்குது பாரு, ரெண்டு மார்க்கு!”

அந்தப் பனிக்குள்ளேயே பள்ளிக்கூடம் போனார். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, தேர்வு அலுவலர் வேலைக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், தேர்வு வாரியத்தையே நடத்தியவராம், பேசிப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள், உங்கள் சொல்தான் முடிவு என்றார்.

அறையில் கம்பளிக் குல்லாவோடு ராஜேந்திரா உட்கார்ந்திருந்தார்.

“ராம் ராம், மாஸ்டர்ஜி” என்று எழுந்து நின்றார். “எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். செயலாளர் ஆக்லாந்து, கண்காணிப்பாளர் சிட்னி. நம்ம பிரமிளா டொரண்டோ. வாரியத்தில் இப்போது அப்பலசாமிதான் பொறுப்புத் தலைவர். தினம் காலையில் கடிதத்தை எடுத்துக் காலி நாற்காலிகளுக்கு வாசிக்கிறாராம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விதி விதிதானே.” கையைப் பிசைந்தார். “மைத்துனர் வீட்டில் மூன்று மாதமாக இருக்கிறேன். ஒரு வரி எழுதிக் கொடுங்கள், மாஸ்டர்ஜி. உங்கள் முகவரி இருந்த அந்தத் தாளைப் பார்த்துத்தான் வந்தேன்.”

மாஸ்டர் அவரை அன்போடு உட்காரவைத்தார். தேநீர் வரவழைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவர் முன் வைத்தார்.

“ஒரு சின்ன சம்பிரதாயம். ஒரே கேள்வி. பத்து மதிப்பெண். உங்களுக்குத் தெரிந்த கேள்விதான்.”

ராஜேந்திராவின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்து தலைகுனிந்து எழுத ஆரம்பித்தார். மூடுபனி எழுதினார், மெழுகுவர்த்தி எழுதினார், கதவு நான்கு இடத்தில் கிரீச்சிட்டது, குதிரை ஒன்றுக்கு இரண்டாக ஓடியது. ஜன்னலுக்கு வெளியே நிஜப்பனி கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் ஒரு முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதி முடித்து, தாளைத் திருப்பி வைத்து, சிரித்தார்.

மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார். தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெல்ல வாசித்தார். ஓர் இடத்தில் புருவத்தை உயர்த்தினார். ராஜேந்திரா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மாஸ்டர் பேனாவைத் தாளுக்கு மேலே கொண்டுபோனார், அங்கேயே நிறுத்தினார், பிறகு மூடியைத் திருகி மூடிப் பையில் சொருகிக்கொண்டார்.

“எத்தனை மாஸ்டர்ஜி?”

“முடிவு தபாலில் வரும்” என்றார் ஹெர்பர்ட் மாஸ்டர்.

எப்போது வரும் என்று அவர் சொல்லவில்லை.